கங்கு பறக்கும் ஊரில் புது வீடு: வாசகர் கேள்வி பதில்

2025 ஜனவரியில் பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு தீயும் சேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 16,000-க்கும் அதிகமான கட்டடங்களை எரித்த பிறகு, இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. முன்பு ‘பிரீமியம் ஏன் ஏறியது?’ என்று கேட்டார்கள். இப்போது ‘அங்கே கட்டலாமா, கட்டினால் பாலிசி கிடைக்குமா?’ என்று கேட்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அண்டர்ரைட்டராக மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, விண்ணப்பங்களுக்கு ‘சரி’, ‘முடியாது’ என்று கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சான் டியேகோ மாவட்டத்தில் மலையடிவார மனை ஒன்றில் வீடு கட்டப் போகிறோம். ‘கட்டட விதி 7ஏ அத்தியாயப்படி கட்டித் தருகிறேன், இன்ஷூரன்ஸ் தானாக வரும்’ என்கிறார் பில்டர். நம்பலாமா சார்?

விதிப்படி கட்டித் தருவார் என்பதை நம்புங்கள். இன்ஷூரன்ஸ் தானாக வரும் என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

7ஏ நல்ல விதிதான். கலிபோர்னியாவில் தீ அபாயப் பகுதிகளில் எழும்பும் புதுக் கட்டடங்களுக்கு 2008 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2026 தொடக்கத்திலிருந்து காட்டோரக் கட்டடங்களுக்கென்று தனித் தொகுப்பாகவே ஆகிவிட்டது. தீயைத் தாங்குவதில் முதல் தரமான ‘கிளாஸ் ஏ’ கூரை, கங்கு நுழையாத வென்ட் (காற்றுத் துளை), மூடிய இறவாணம், வெப்பத்தில் சட்டென்று வெடிக்காத கண்ணாடி, எளிதில் பற்றாத வெளிச்சுவர் எல்லாம் அதில் வரும்.

அது எவ்வளவு உதவும்? 2018 நவம்பர் 8-ம் தேதி பாரடைஸ் ஊரை எரித்த ‘கேம்ப்’ தீயைப் பாருங்கள். 85 பேர் இறந்தார்கள், 18,000-க்கு மேல் கட்டடங்கள் போயின. எந்த வயது வீடு பிழைத்தது என்று பிறகு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். 1997-க்கு முன் கட்டியவற்றில் 11.5 சதவீதம் பிழைத்தன. 1997 முதல் கட்டியவை எல்லாவற்றிலும் சேர்த்து 38.5 சதவீதம். 2008-க்குப் பிறகு கட்டியவற்றில் சுமார் 43 சதவீதம்.

பில்டர் இந்தக் கணக்கைக் காட்டி ‘பார்த்தீர்களா, நாலு மடங்கு!’ என்பார். அதே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்டர்ரைட்டர், ‘புது வீட்டிலும் பாதிக்கு மேல் எரிந்திருக்கிறதே’ என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

ஏன் எரிந்தன? அதே ஆய்வு காட்டிய பெரிய காரணங்களில் ஒன்று, எரிந்த பக்கத்து வீடு எவ்வளவு அருகில் இருந்தது என்பது. பக்கத்து வீடு ஒருமுறை பிடித்துக்கொண்டால் மணிக்கணக்கில் எரிந்து, உங்கள் வீட்டுச் சுவர் மேல் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். காட்டு மரம் அப்படி நின்று எரியாது, சீக்கிரம் அடங்கிவிடும். கங்கையும் சிறிது நேரச் சுவாலையையும் உங்கள் சுவர் தாங்க வேண்டும் என்பதுதான் விதியின் எண்ணம். பக்கத்தில் ஒரு முழு வீடே எரியும்போது நிற்க வேண்டும் என்று அது கேட்கவில்லை.

அதனால் ஒரு புது வீட்டு ஃபைல் வந்தால் நான் பிளானைப் பிறகுதான் பிரிப்பேன். முதலில் மேலிருந்து எடுத்த படத்தைத் திறந்து, உங்கள் மனையைப் பார்த்துவிட்டு, அப்படியே விலகி விலகிப் போய்ச் சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். 1970-களின் மர வீடுகள் வரிசையாக இருக்கின்றனவா? வீடு சரிவின் உச்சி விளிம்பில் நிற்கிறதா? வெளியேற ஒரே சாலைதானா? உங்கள் கூரைத் தரம் அதற்கப்புறம்தான்.

இன்னொன்றும் உண்டு, இதை ஏஜென்ட்கள் வெளியே அதிகம் பேச மாட்டார்கள். உங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லாமலே விண்ணப்பம் திரும்பலாம். ஒரே பள்ளத்தாக்கில் ஒரு கம்பெனி ஏற்கெனவே நிறைய வீடுகளுக்குப் பாலிசி எழுதியிருந்தால், ஒரே தீயில் எல்லாம் போய்விடும் என்ற பயத்தில் அங்கே புதுசு எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். 2023 மே மாத இறுதியில் ஸ்டேட் ஃபார்ம் புது விண்ணப்பங்களை நிறுத்தியபோது மாநிலம் முழுவதற்கும் நிறுத்தியது. யாருடைய வென்ட்டில் எந்த வலை என்று பார்த்து நிறுத்தவில்லை.

ஆகவே மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்த முகவரியை வைத்து இரண்டு மூன்று இடங்களில் எழுத்து மூலம் பாலிசி விலை கேளுங்கள். வாங்கும் ஒப்பந்தத்தில் ‘இத்தனை நாளுக்குள் ஏற்கத்தக்க பாலிசி கிடைக்காவிட்டால் விலகிக்கொள்ளலாம்’ என்ற நிபந்தனையையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தீயணைப்பு நிலையம் எங்கள் மனையிலிருந்து ஐந்து நிமிட தூரம்தான். இது போதாதா?

அடுப்படியில் தீப்பிடித்தால் போதும். பிரீமியத்திலும் அதற்கு ஒரு சலுகை வரும். மலை முழுக்க எரியும் நாளில் அந்த வண்டி எந்தத் தெருவில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: அரசு வெளியிட்ட அபாய வரைபடத்தில் எங்கள் இடம் எந்த நிறத்திலும் இல்லை. ஆனால் கம்பெனி ‘அபாயம் அதிகம்’ என்று மறுக்கிறது. எது சரி? (சான்டா ரோசா)

உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! 2017 அக்டோபரில் டப்ஸ் தீ 101 நெடுஞ்சாலையைத் தாண்டி வந்து காஃபி பார்க் குடியிருப்பை எரித்தது நினைவிருக்கும். சமதளம், நகரத்துக்குள், வரைபடத்தின் கடும் அபாயப் பகுதிக்கு வெளியே. கிட்டத்தட்ட 1,300 வீடுகள் போயின.

மாநிலத் தீயணைப்புத் துறையான கால்ஃபயரின் வரைபடம் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது: சரிவு, செடிகொடி, காற்று. மிதம், அதிகம், மிக அதிகம் என்று மூன்று நிலை. எந்தக் கட்டட விதி எங்கே பொருந்தும் என்று முடிவு செய்யத்தான் அது. கம்பெனிகள் விலைக்கு அதை மட்டும் நம்புவதில்லை. தனியார் மாடல்களில் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு மதிப்பெண் போட்டு வாங்குகிறார்கள். இரண்டு கம்பெனி இரண்டு மாடல் வைத்திருந்தால் ஒரே வீட்டுக்கு இரண்டு மதிப்பெண் வரும். அதனால் ஒருவர் மறுத்தார் என்று சோர்ந்துவிட வேண்டாம்.

கலிபோர்னியாவில் உங்களுக்கு ஒரு உரிமை இருக்கிறது. 2022-ல் வந்த விதிப்படி, உங்களுக்குக் கொடுத்த காட்டுத்தீ மதிப்பெண் என்ன, அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று கம்பெனி சொல்ல வேண்டும். தவறு என்று பட்டால் நீங்கள் முறையிடலாம். மாநிலம் வகுத்த ‘சேஃபர் ஃப்ரம் வைல்ட்ஃபயர்ஸ்’ என்ற தீத்தடுப்புப் பட்டியலில் உள்ள வேலைகளைச் செய்தவர்களுக்குத் தள்ளுபடி கொடுக்க வேண்டும் என்பதும் அதே விதி. புதுக் கட்டடத்தில் இந்த முறையீடு நன்றாகவே வேலை செய்யும். காரணம், மாடலில் இருக்கும் படம் பெரும்பாலும் பழசு. உங்கள் மனை அதில் இன்னும் புதர்க்காடாகத்தான் இருக்கும். கட்டி முடித்தபின் எடுத்த புகைப்படம், கூரைத் தரச் சான்று, வென்ட் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் இணைத்து அனுப்புங்கள்.

கேள்வி: நாங்கள் நாலு பேர் கூட்டாகச் சேர்ந்து சுமார் 60 வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று போடத் திட்டமிடுகிறோம். இன்ஷூரன்ஸ் ஆட்களை எந்தக் கட்டத்தில் அழைக்க வேண்டும்? (சாக்ரமென்டோவுக்குக் கிழக்கே, மலைப்பக்கம்)

லே-அவுட் வரைபவர் முதல் கோட்டைப் போடுவதற்கு முன்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், பிறகு மாற்றவே முடியாத விஷயங்கள் எல்லாம் அந்தக் கோட்டில்தான் முடிவாகின்றன. வென்ட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் விட்ட இடத்தை மாற்ற முடியாது.

உங்களைப் போன்றவர்கள் மனைக் கணக்கில் செய்வது எனக்குத் தெரியும். 60 வீடு என்றால் லாபம், 52 என்றால் நெருக்கடி, அதனால் பக்க இடைவெளியைக் குறைப்பார்கள். எரியும் வீடு 30 அடிக்குள் இருந்தால் அடுத்த வீட்டுக்கு ஆபத்து கூடிக்கொண்டே போகும் என்று தீ ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 30 அடி எல்லா இடத்திலும் கிடைக்காது, சரி. அப்போது நெருக்கத்துக்குப் பரிகாரம் சுவரிலும் சன்னலிலும் வேலியிலும் இருக்க வேண்டும், அதற்கும் பணம் போடுங்கள். எந்த இரண்டு வீடுகளின் பெரிய சன்னல்களும் ஒன்றையொன்று பார்க்க வேண்டாம்.

சான் டியேகோ பக்கம் எஸ்கான்டிடோவில், கேபி ஹோம் என்ற கட்டுமான நிறுவனத்தின் டிக்சன் டிரெயில் குடியிருப்பைப் போய்ப் பாருங்கள். 64 வீடுகள். இன்ஷூரன்ஸ் துறையின் ஆய்வு நிறுவனமான ஐபிஎச்எஸ் வகுத்த, குடியிருப்பு முழுவதற்குமான தீத்தடுப்புத் தர முறைப்படி எழுந்த முதல் குடியிருப்பு. 2025-ல் அறிவித்தார்கள். அங்கே உலோக வேலி, மூடிய கூரையோர மழைநீர்க் கால்வாய், சுவரிலிருந்து ஐந்தடிக்கு எரியும் பொருள் எதுவும் இல்லை, கட்டடங்களுக்கு இடையே குறைந்தது 10 அடி. எனக்கு அதில் பிடித்தது, தனி வீட்டை விட்டுவிட்டு முழுக் குடியிருப்பையும் ஒரே அலகாகப் பார்த்ததுதான். தெருவில் ஒரு வீடு மட்டும் நன்றாகக் கட்டியிருந்தால் அண்டர்ரைட்டருக்குப் பெரிய நிம்மதி கிடையாது. தெரு முழுக்க நன்றாக இருந்தால் நிம்மதி.

அடுத்தது சாலை. 30 வீட்டுக்கு மேல் போனால் தீயணைப்பு வண்டி வர இரண்டாவது வழி வேண்டும் என்பது தீ விதிகளில் வழக்கமாக உள்ள கணக்கு. முட்டுச் சந்துகளின் நீளத்துக்கும் மாநில விதியில் வரம்பு இருக்கிறது. ஒரு ஏக்கருக்குக் குறைந்த மனைகள் என்றால் 800 அடி. இதைக் காகிதத்தில் மட்டும் நிறைவேற்றிவிட்டு, இரண்டு வழியையும் ஒரே பள்ளத்தாக்கின் வழியாக விட்டால் என்ன பயன்? இது இன்ஷூரன்ஸ் பிரச்சினை மட்டுமில்லை, திட்டமே நின்றுபோகும். லேக் கவுண்டியில் 16,000 ஏக்கரில் திட்டமிட்ட குவெனாக் வேலி என்ற பெரிய திட்டத்துக்குக் கிடைத்த அனுமதியை 2022 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது. புதிதாக வரும் மக்களால் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தீயின்போது வெளியேறுவது எப்படி பாதிக்கப்படும் என்று சரியாக ஆராயவில்லை என்பது காரணம். அந்த வழக்கில் மாநில அட்டர்னி ஜெனரல் ராப் பான்டாவே தலையிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் இத்தகைய திட்டங்களுக்கு வழிகாட்டுதலும் வெளியிட்டார். உங்கள் வக்கீலை அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

பூங்கா, நடைபாதை, விளையாட்டுத் திடல், அணுகுசாலை எல்லாவற்றையும் குடியிருப்பின் நடுவில் வைத்து அழகு பார்ப்பார்கள். காட்டைப் பார்த்த பக்கத்தில் வையுங்கள். காடும் வீடும் நேரே தொட்டுக்கொள்ளாமல் நடுவில் எரியாத ஒரு பட்டை கிடைக்கும். அந்த இடம் எப்படியும் விட வேண்டியதுதானே.

அப்புறம், வீட்டை விற்றுவிட்டு நீங்கள் போன பிறகு யார் புதரை வெட்டுவார்கள்? வீட்டுச் சங்கத்தின் விதிகளை எழுதும்போதே ஐந்தடிப் பட்டையில் செடி, மரத்தூள், விறகு கூடாது, ஆண்டுக்கு இத்தனை முறை எல்லைப் பட்டையைச் சுத்தம் செய்ய வேண்டும், அதற்கு மாதச் சந்தாவில் இவ்வளவு என்று எழுதிவிடுங்கள். சேர்ந்து தீத்தடுப்பு வேலை செய்யும் ‘ஃபயர்வைஸ்’ சமூகமாகப் பதிவு செய்தால் தள்ளுபடிப் பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. ஆனால் அது ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய வேலை. உற்சாகமான முதல் செயலாளர் வீடு மாற்றிப் போனதும் பதிவு காலாவதியான இடங்கள் எத்தனையோ என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

கடைசியாக, பொதுச் சுவர் உள்ள வீடுகளாகக் கட்டுவதாக இருந்தால் இன்னும் கவனம். சங்கத்தின் ஒரே பெரிய பாலிசி எல்லாருடைய கூரைக்கும் பொறுப்பு. அது முழு மறுகட்டுமானச் செலவுக்கு இல்லையென்றால், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே போன்ற அமைப்புகள் ஏற்கும் வகைக் கடன் அந்தக் குடியிருப்புக்குக் கிடைக்காது. கடன் இல்லையென்றால் வாங்குபவர் இல்லை. மாதிரி வீட்டுக்குத் திரைச்சீலை தேர்ந்தெடுக்கும் நேரத்தில் இது தெரியவந்து திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கட்டும் காலத்துக்குத் தனி பாலிசி வேண்டுமா? முடிந்த பிறகு எடுத்தால் போதும் என்கிறார் மைத்துனர்.

மைத்துனர் கட்டட வேலையில் இல்லை என்று நினைக்கிறேன்.

ஒரு வீட்டின் வாழ்நாளில் அது சுலபமாக எரியும் காலம், மரச்சட்டகம் நின்று மேலே பலகையோ ஜிப்சமோ ஏறாத அந்தச் சில வாரங்கள்தான். கூரைத் தரமும் வென்ட்டும் ஸ்பிரிங்க்ளரும் அப்போது காகிதத்தில் மட்டும். எங்கிருந்தோ பறந்து வந்த கங்கு தரையில் கிடக்கும் மரத்தூளில் விழுந்தால் போதும்.

இதற்கான பாலிசிக்கு ‘பில்டர்ஸ் ரிஸ்க்’ என்று பெயர். பில்டர் எடுப்பாரா நீங்கள் எடுப்பீர்களா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பில்டர் எடுத்தால் உங்கள் பெயரும் வங்கியின் பெயரும் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அவருடைய பொதுப் பொறுப்பு பாலிசியைக் காட்டி ‘இதோ இன்ஷூரன்ஸ்’ என்றால் ஏமாறாதீர்கள். அது அவரால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கு. காட்டிலிருந்து வரும் தீ அதில் வராது.

பாலிசி கையில் வந்ததும் காட்டுத்தீ என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று விரலை வைத்துத் தேடுங்கள். தீ மொத்தமாக உள்ளே இருக்கும், ஆனால் காட்டுத்தீக்கு மட்டும் தனியாக ஒரு குறைந்த உச்சவரம்பு, அல்லது சதவீதக் கணக்கில் டிடக்டிபிள் ஒளிந்திருக்கும். 8,00,000 டாலர் வேலையில் 5 சதவீத டிடக்டிபிள் என்றால் முதல் 40,000 டாலர் உங்கள் கையிலிருந்து.

நிபந்தனைகளையும் படியுங்கள். மரம் வந்து இறங்குவதற்கு முன்பே தண்ணீரும் வண்டி வரும் பாதையும் தயாராக இருக்க வேண்டும், கழிவை அகற்ற வேண்டும், வெல்டிங் முடிந்த பிறகும் ஒருவர் காவல் நிற்க வேண்டும் என்று இருக்கும். வானிலைத் துறை சிவப்புக் கொடி எச்சரிக்கை விட்ட நாளில் தீப்பொறி வேலையே கூடாது என்றும் சில பாலிசிகளில் உண்டு. மீறினால் கம்பெனி பணம் தர மறுக்க வழி திறந்துவிடும். வேலையாட்களிடம் இதை நீங்களே சொல்லுங்கள், பில்டர் சொல்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

தாமதச் செலவு என்று தனியாக ஒன்று வாங்கலாம். சட்டகம் எரிந்து ஆறு மாதம் பின்னே போனால் கடன் வட்டி, வாடகை, மறுபடி அனுமதிக் கட்டணம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். அடிப்படைப் பாலிசி அதைக் கொடுக்காது.

முடிவுத் தேதிதான் பெரிய கண்ணி. வேலை இழுத்துக்கொண்டு போய் பாலிசி ஆகஸ்டில் முடிகிறது, நீட்டிக்கக் கேட்கிறீர்கள். பக்கத்தில் எங்கோ தீ எரிந்துகொண்டிருந்தால் கம்பெனிகள் அந்தப் பகுதியில் புதுசு எழுதுவதையும் தொகை கூட்டுவதையும் நிறுத்தி வைத்துவிடும். வீட்டுப் பாலிசிக்கு மாறும் தேதிக்கும் இதே ஆபத்து. தீப் பருவத்தின் நடுவில் முடியாதபடி ஆரம்பத்திலேயே தாராளமாக மாதங்கள் கேட்டு வாங்கிவிடுங்கள். கூடுதல் பிரீமியம் கொஞ்சம்தான் வரும்.

கேள்வி: எல்லாரும் கைவிட்டால் ஃபேர் பிளான் இருக்கிறதே?

இருக்கிறது. 1968-லிருந்து இருக்கிறது. மக்கள் வரிப்பணத்தில் ஓடுவதில்லை. வேறெங்கும் பாலிசி கிடைக்காதவர்களுக்காக, கலிபோர்னியாவில் சொத்துக் காப்பீடு எழுதும் கம்பெனிகள் சேர்ந்து சுமக்கும் ஏற்பாடு. வீட்டுக்கு உச்சவரம்பு 30 லட்சம் டாலர்.

ஆனால் அது வீட்டுப் பாலிசி இல்லை. தீ, மின்னல், புகை, உள்வெடிப்பு, அவ்வளவுதான் அடிப்படை. திருட்டு, குழாய் உடைந்த தண்ணீர், உங்கள் வீட்டில் வழுக்கி விழுந்தவர் போடும் வழக்கு எதுவும் கிடையாது. அதற்கு ‘டிஐசி’ என்ற துணைப் பாலிசியை வேறு இடத்தில் வாங்கி ஒட்ட வேண்டும். இரண்டு பிரீமியத்தையும் சேர்த்து வீட்டுச் செலவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், வங்கி கடன் தகுதியைக் கணக்கிடும்போது அதைத்தான் போடும்.

2025 பிப்ரவரியில் ஃபேர் பிளானுக்குப் பணம் பற்றாமல், உறுப்புக் கம்பெனிகளிடம் 100 கோடி டாலர் வசூலிக்க மாநில இன்ஷூரன்ஸ் ஆணையராக இருந்த ரிக்கார்டோ லாரா அனுமதித்தார். அதில் ஒரு பகுதியை எல்லாப் பாலிசிதாரர்கள் மேலும் இறக்கிவைக்க வழி உண்டு. ஃபேர் பிளானைக் கூப்பிடவே வேண்டியிராத சமவெளிக்காரரும் கொடுக்கிறார் என்று அர்த்தம். சாதாரணக் கம்பெனிகளைத் திரும்ப இழுக்க 2024 டிசம்பரில் புது விதிகளும் வந்தன: எதிர்காலத் தீயைக் கணிக்கும் மாடல்களையும் மறுகாப்பீட்டுச் செலவையும் (கம்பெனிகள் தங்களுக்கே எடுக்கும் காப்பீடு) கட்டணத்தில் சேர்க்கலாம், பதிலுக்கு அபாயப் பகுதிகளில் தங்கள் மாநிலச் சந்தைப் பங்கின் 85 சதவீத அளவுக்காவது எழுத முன்வர வேண்டும். கட்டணம் ஏறும், கதவு திறக்கும் என்பது கணக்கு. என்னைக் கேட்டால், கதவு திறக்கும்போது புதிதாக, நன்றாக, தள்ளித் தள்ளிக் கட்டிய வீடுகள்தான் முதலில் உள்ளே போகும். ஃபேர் பிளானை இடைவேளையாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆண்டும் வெளியே விலை கேளுங்கள்.

கேள்வி: சன்னலுக்குக் கீழே ரோஸ்மேரி, பக்கத்தில் சிடார் மர வேலி. அழகாக இருக்கும் என்கிறார் தோட்ட வடிவமைப்பாளர்.

இருக்கும். எண்ணெய்ச் செடி, மேலே கண்ணாடி, பக்கத்தில் சுவர் வரைக்கும் தீயைக் கொண்டுவந்து சேர்க்கும் மரவேலி. செடியை ஐந்தடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். வேலி வீட்டைத் தொடும் கடைசி ஐந்தடியையாவது உலோகமாக்குங்கள். அவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

கேள்வி: புது வீட்டை வாங்கிய விலைக்கே இன்ஷூர் செய்திருக்கிறேன். சரிதானே? (கொலராடோ, போல்டர் அருகே)

வாங்கிய விலையில் நிலம் இருக்கிறது. நிலம் எரியாது. எரிந்த வீட்டை இன்றைய கூலியில், இன்றைய மரவிலையில், இன்றைய விதிப்படி கட்ட எவ்வளவு என்பதுதான் தொகை. நிலம் மலிவான இடங்களில் அது வாங்கிய விலையைத் தாண்டியே போகலாம்.

உங்கள் பக்கத்திலேயே நடந்தது. 2021 டிசம்பர் 30, மார்ஷல் தீ. பனிக்காலம், புல்வெளி, பலத்த காற்று. லூயிஸ்வில், சுப்பீரியர் பக்கம் சில மணி நேரத்தில் 1,000-க்கு மேல் வீடுகள். மலைக் காட்டுக்குள் யாரும் இல்லை, சாதாரணப் புறநகர்தான். முழுச் சேதம் கோரியவர்களின் பாலிசிகளை மாநில இன்ஷூரன்ஸ் துறை பிறகு ஆராய்ந்தது. எவ்வளவு ஆனாலும் கட்டித் தருவோம் என்ற உத்தரவாதம் இருந்தது சுமார் 8 சதவீதத்தினருக்குத்தான். மற்றவர்களில் நிறையப் பேர் கைப்பணம் போட வேண்டியிருந்தது.

ஒரே நாளில் ஆயிரம் வீடு எரிந்தால் ஊரில் இருக்கும் கொத்தனார், தச்சர், எலெக்ட்ரீஷியன் எல்லாருக்கும் கிராக்கி. சதுர அடி விலை மேலே போகும். உத்தரவாதப் பாலிசி கிடைக்காவிட்டால், தொகைக்கு மேல் 25 அல்லது 50 சதவீதம் நீட்டிக்கும் வகையைக் கேளுங்கள். ‘விதி மாற்றச் செலவு’ என்ற பிரிவையும் கவனியுங்கள். இன்று புது விதிப்படி கட்டிவிட்டேன், எனக்கு எதற்கு என்பீர்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து எரிந்தால் அன்றைய விதிப்படிதான் கட்ட அனுமதி கிடைக்கும்.

கேள்வி: மெல்போர்ன் புறநகரில் மனை. பிஏஎல்-29 (காட்டுத்தீத் தாக்க நிலை) என்று சான்று வந்திருக்கிறது. அமெரிக்கக் கதை எங்களுக்குப் பொருந்துமா?

பாதி பொருந்தும். உங்கள் முறை ஒருவகையில் மேல்: ஒவ்வொரு மனைக்கும் தனியாக அளந்து, 12.5, 19, 29, 40, அதற்கு மேல் நேரடிச் சுவாலைப் பகுதி என்று பிரிக்கிறார்கள். எண் என்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோவாட் வெப்பம் விழலாம் என்பது. 173 பேர் இறந்த 2009 பிப்ரவரி 7 காட்டுத்தீக்குப் பிறகு ஏஎஸ் 3959 என்ற அந்தக் கட்டுமானத் தரத்தை இறுக்கினார்கள்.

வீட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் 29, 19 ஆகுமா என்று மதிப்பீட்டாளரிடம் கேளுங்கள். செடிகொடியிலிருந்து சில மீட்டர் கூடுதல் இடைவெளி கட்டுமானச் செலவையே மாற்றிவிடும். இன்ஷூரன்ஸ் தொகை போடும்போது இணையக் கணிப்பான்களில் சாதாரண வீட்டு விலையைப் போட்டுவிடாதீர்கள், பிஏஎல் செலவைச் சேர்க்கச் சொல்லுங்கள். பல பாலிசிகளில் எடுத்த முதல் 72 மணி நேரத்துக்குக் காட்டுத்தீச் சேதம் கிடையாது என்ற விதி இருக்கும். புகை தெரிந்த பிறகு போன் செய்கிறவர்களுக்காக எழுதியது அது.

கேள்வி: கேள்விப்படாத பெயர் உள்ள ‘சர்ப்ளஸ் லைன்ஸ்’ கம்பெனி மட்டும் பாலிசி தருகிறது. வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. இது மாநில உரிமத்துக்கு வெளியே எழுதும் வகைக் கம்பெனி, அதனால் மாநிலம் கட்டணத்தையும் பாலிசி வாசகத்தையும் சரிபார்க்காது. கம்பெனி திவாலானால் மாநில உத்தரவாத நிதியும் கை கொடுக்காது. திவால் என்பது வெறும் பயமுறுத்தல் இல்லை: கேம்ப் தீக்குப் பிறகு மெர்செட் என்ற சிறிய கம்பெனி கோரிக்கைகளைத் தாங்காமல் மூடியது. அது மாநில உரிமம் பெற்ற கம்பெனி என்பதால் உத்தரவாத நிதி வந்து நின்றது. நிதிவலிமை மதிப்பீட்டைக் கேளுங்கள், விலக்குகள் பக்கத்தை முதலில் படியுங்கள்.

கேள்வி: கடன் வாங்காமல் சொந்தப் பணத்தில் கட்டுகிறேன். இன்ஷூரன்ஸே இல்லாமல் இருந்துவிட்டால் என்ன சார்?

சட்டம் கேட்காது. வங்கி இல்லாததால் அதுவும் கேட்காது. எரிந்தால் மறுபடி கட்டும் அளவுக்குப் பணம் வேறு எங்காவது இருந்தால் அது உங்கள் விருப்பம். ஆனால் விற்கும் நாளில், வாங்க வருகிறவர் பெரும்பாலும் கடனில்தான் வாங்குவார். அவருடைய வங்கி பாலிசி கேட்கும். அந்த முகவரிக்கு அப்போது என்ன விலை சொல்கிறார்களோ, அதைக் கழித்துக்கொண்டுதான் உங்கள் வீட்டுக்கு அவர் விலை சொல்வார்.